வெள்ளையடித்த காளையும் இரண்டு டேனியல்களும்

அத்தியாயம் 4

"கடைசியா ஒரு தடவை நல்லாப் பாத்துச் சொல்லுங்க மேடம். ஒரு சின்னத் திருட்டுகூடவா இல்ல?"

எதிரே உட்கார்ந்திருந்த ஆட்டுப்பண்ணைக்காரர் கீனன் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். ஹொனோரா ஹேக்கட் முதுகை நிமிர்த்தியபடி கோப்பை மூடினார். கெட்ட செய்தி சொல்லும்போது முதுகு வளையக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

"மன்னிக்கணும் மிஸ்டர் கீனன். உங்க முன்னோர் அயர்லாந்துலேர்ந்து சொந்தக் காசுல டிக்கெட் எடுத்துக் கப்பல் ஏறியிருக்காரு. தொழில், பள்ளிக்கூட வாத்தியார். நடத்தை, மிக நன்று."

"மிக நன்றா!" என்று அலறிவிட்டார் கீனன். "இத நான் என் பொண்டாட்டி வீட்டுல எப்படிச் சொல்லுவேன்? அவங்க பக்கம் ரெண்டு ஆட்டுத் திருடன், ஒரு கள்ளச்சாராயம்!"

வாசலில் காத்திருந்த ஃபெர்கல் நூனன் அவர் தோளில் கைபோட்டு வழியனுப்பினான். "மனச விட்றாதீங்க. அம்மா வழியில தேடுவோம். அங்க எப்படியும் ஒருத்தன் சிக்குவான்."

பல்லிக்ளேர் ஊரின் நிலவரம் அப்படி. நூறு வருடங்களுக்கு முன் 'கைதி வம்சம்' என்ற சொல் காதில் விழுந்தாலே கதவைச் சாத்திய ஊர் இது. ஹொனோராவின் தாத்தா அப்படிச் சொன்ன ஒருவரை ஆட்டுச் சந்தையில் வைத்து அடித்தார். பிறகு காற்று திரும்பிவிட்டது. இப்போது பிரிட்டிஷ் அரசு நாடுகடத்திக் கைவிலங்கோடு கப்பலில் அனுப்பிய முன்னோர் ஒருவராவது இல்லாவிட்டால், இந்த ஆஸ்திரேலிய ஊரில் ஐரிஷ்காரன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படுகிறார்கள்.

ஹொனோரா நாற்பது வருடம் நீதிமன்ற எழுத்தராக இருந்தவர். வேலையில் இருந்தவரை திருடர்களைச் சிறைக்கு அனுப்பும் தாள்களை எழுதினார். ஓய்வுபெற்ற பிறகு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, குடும்பங்களுக்குத் திருடர்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். உதவிக்கு ஃபெர்கல். முப்பது வருடம் பிண வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவன். விலைக்கு வந்தபோது வண்டியையும் தானே வாங்கிக்கொண்டான். "இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துல பாதிப் பேரக் கொண்டுபோய் விட்டது நாந்தான். ஒருத்தர்கூட வண்டி குலுங்குதுன்னு குறை சொன்னதில்ல" என்பான்.

ஆனால் அன்று, மார்ச் பதினாறாம் தேதி, ஹொனோராவின் மேசையில் இருந்தது அவருடைய சொந்தக் குடும்ப வழக்கு.

ஹேக்கட் என்ற பெயரில் ஊரில் இரண்டு வம்சங்கள் உண்டு. மேட்டு நிலத்தில் இருக்கும் ஹொனோராவின் குடும்பம் ஒன்று. ஓடைக்கரையில், கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை விடாத டிம்ப்னா ஹேக்கட்டின் குடும்பம் மற்றொன்று. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு வம்சத்தின் முதல் மனிதர் பெயரும் டேனியல். இருவருமே அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் கைதி, மற்றவர் கான்ஸ்டபிள்.

கைதி டேனியலின் புகழ் ஊரறிந்தது. 1832-ல் பண்ணையாரின் கறுப்புக் காளையைத் திருடி, சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கி, அதைப் பண்ணையாருக்கே சந்தையில் விற்றவர். அயர்லாந்தில் பிறந்துவிட்டு மழையை மறந்ததுதான் அவர் செய்த ஒரே பிழை. பணம் கைமாறிய கணத்தில் தூறல் விழுந்தது. காளை கழுத்திலிருந்து கறுக்க ஆரம்பித்தது.

ஒவ்வொரு மார்ச் பதினேழாம் தேதியும், ஐரிஷ்காரர்களின் புனித பேட்ரிக் திருநாளன்று, அந்த வெள்ளைக் காளை வரைந்த பெரிய துணிப் பதாகைதான் ஊர்வலத்தின் முன்னால் போகும். ஐம்பது வருடமாக அதைத் தூக்கி வருவது மேட்டு ஹேக்கட் குடும்பம். ஒரு கம்பை ஹொனோரா பிடிப்பார். அடுத்த கம்புக்குக் குடும்பத்தில் வேறு ஆள் இல்லாததால் ஃபெர்கல் பிடிப்பான்.

இந்த வருடம் டிம்ப்னா ஊர்வலக் குழுவுக்குக் கடிதம் எழுதிவிட்டார். 'காளைத் திருடர் எங்கள் முன்னோர். மேட்டு வீட்டார் கான்ஸ்டபிளின் வம்சம்.' குழுவினர் நடுங்கிப்போய், பதினாறாம் தேதி சாயங்காலத்துக்குள் இரண்டில் ஒன்றை நிரூபிக்கச் சொல்லி, வழக்கை ஹொனோராவிடமே விட்டுவிட்டார்கள். தன் வழக்கில் தானே துப்பறிவாளர். அப்படியும் ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை. ஹொனோரா பொய் எழுத மாட்டார் என்பதில் டிம்ப்னாவுக்கே சந்தேகம் கிடையாது.

"பாஸ், டப்ளின்லேர்ந்து வந்துடுச்சு!" ஃபெர்கல் ஓர் உறையை நீட்டினான். அதன்மேல் தக்காளிச் சாஸ் கறை.

"இது என்ன?"

"தபாலாபீஸ் பக்கத்துலயே, மாவுக்குள்ள கறி வச்சுச் சுட்டு விக்கற 'பை' கடை. கறிப் பை சூடா இருந்துச்சு பாஸ். நான் என்ன பண்ணட்டும்? அப்பறம், பதாகையில காளையோட வெள்ளை உரிஞ்சு கறுப்பு தெரிஞ்சுது. நேத்து நானே ஒரு கோட்டிங் குடுத்துட்டேன். பளபளன்னு இருக்கு."

"சரி சரி" என்றார் ஹொனோரா. அவர் கண் ஏற்கெனவே தாளில் இருந்தது.

கைதி டேனியலின் தாய், மகனை விடுவிக்கக் கோரி அயர்லாந்தின் ஆளுநருக்கு எழுதிய மனுவின் நகல் அது. ஹொனோரா உரக்கப் படித்தார்.

"'நான், காலஞ்சென்ற தேடி ஹேக்கட் என்பவரின் மனைவி சபைனா. டேனியல் என் மூத்த மகன். காளைக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. வெள்ளை நிறம் அதற்குப் பொருத்தமாகவே இருந்ததாகப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். மேலும் மாண்புமிகு ஐயா அவர்கள் கவனிக்க வேண்டியது...'" அதோடு தாள் முடிந்துவிட்டது. "மிச்சம் எங்க?"

"உறையில இருந்தத அப்படியே குடுத்துட்டேன் பாஸ்" என்றான் ஃபெர்கல், எங்கோ பார்த்தபடி.

"பரவால்ல. வேண்டியது கிடைச்சிடுச்சு. நம்ம ஆளுங்க மூத்த பையனுக்கு யார் பேர வைப்பாங்க?"

"அப்பாவோட அப்பா பேரு. எனக்கு எங்க தாத்தா பேருதான். அந்த ஆளு முகத்தக்கூடப் பாத்ததில்ல, பேரு மட்டும் தலைமேல உக்காந்திருக்கு."

"ரெண்டாவது பொண்ணுக்கு?"

"அப்பாவோட அம்மா பேரு. மாத்தி வச்சா மாமியா வீட்டுக்குள்ள விடமாட்டா."

"அப்ப கைதியோட மூத்த பையன் பேரு தேடி. ரெண்டாவது பொண்ணு சபைனா. எந்த டேனியல் வீட்டுல அந்த ரெண்டு பேரும் இருக்கோ, அந்த டேனியல்தான் காளைத் திருடன். கோவில் பதிவேட்டப் பாத்துட்டா முடிஞ்சது." ஹொனோரா தொப்பியை எடுத்தார். "என் வம்சம் மூணாவது பையன் வழி. மூத்தவன் சின்ன வயசுலயே குயின்ஸ்லாந்து போய்ட்டான். பேரு யாருக்கும் தெரியாது. தேடியாத்தான் இருக்கும். இருந்தாகணும்."

பிண வண்டியில் இருவரும் கிளம்பினார்கள். வழியெல்லாம் ஆண்கள் தொப்பியைக் கழற்றி நின்றார்கள். ஹொனோரா அந்த மரியாதையைத் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

பங்குத் தந்தை க்வின்லன் தொலைக்காட்சியில் குதிரைப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைத் திரும்பிப் பாராமலே நீட்டினார். "அலமாரில இருக்கு. தும்மாதீங்க, பக்கம் உதிரும். ஓடுறா, ஓடு! ஐயோ, குதிரையா அது, கழுதை!"

ஞானஸ்நானப் பதிவேட்டில் இரண்டு டேனியல்களையும் பிரித்துப் பார்ப்பது எளிது. மேட்டு டேனியலின் மனைவி ஜோஹன்னா. ஓடை டேனியலின் மனைவி எலன். இரண்டு பெயரும் கல்லறைக் கற்களில் இருப்பவை. ஹொனோரா கையுறை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது. அப்படியே நின்றது.

"என்ன பாஸ்? பேரு தேடிதானே?"

"ஜோஹன்னாவின் மூத்த மகன்... ஜெரமையா."

ஃபெர்கல் எட்டிப் பார்த்தான். இரண்டு பக்கம் தள்ளி எலனின் மூத்த மகன் பெயர் இருந்தது. தேடி. அதற்கும் அப்பால் எலனின் இரண்டாவது மகள். சபைனா.

அலமாரி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார் ஹொனோரா. அவர் முதுகு மட்டும் வளையவில்லை. ஐம்பது வருடம் ஊருக்கு முன்னால் தூக்கி நடந்த காளை அடுத்த வீட்டுக் காளை. தன் குடும்பத்தின் முதல் மனிதர் நேர்மையானவர். அதைவிட மோசம், போலீஸ்காரர்.

"பாஸ்" என்றான் ஃபெர்கல் மெல்ல. "இந்த ஒரு பக்கம் மட்டும் தற்செயலா என் காபியில விழுந்துட்டா..."

"ஹேக்கட் குடும்பம் ஆவணத்தத் திருடாது ஃபெர்கல்."

"அதானே இப்ப பிரச்சனையே! திருடியிருந்தா இந்நேரம் நிரூபிச்சிருக்கலாம்."

ஹொனோரா மறுபடியும் பதிவேட்டின் மேல் குனிந்தார். அவர் கண் வேறொரு இடத்துக்குப் போயிருந்தது. "இங்க பாரு. எலனோட பையன் தேடிக்கு, ஞானஸ்நானத்துல பொறுப்பேத்துக்கிட்ட ஞானத்தந்தை யாரு? டேனியல் ஹேக்கட்."

"பெத்த அப்பனே ஞானத்தந்தையா?"

"திருச்சபை விடாது. இது அடுத்த டேனியல். ஜோஹன்னாவோட ஜெரமையாவுக்கும் அதே கதை. ஞானத்தந்தை டேனியல் ஹேக்கட். கைதி பிள்ளைக்குக் கான்ஸ்டபிள், கான்ஸ்டபிள் பிள்ளைக்குக் கைதி. ஐரிஷ் கைதி எவனாவது போலீஸ்காரனத் தன் பிள்ளைக்கு ஞானத்தந்தையா நிறுத்துவானா?"

"போலீஸ்காரன் பக்கத்துல உக்காந்தாலே நம்ம ஆளுங்க எந்திரிச்சுப் போய்டுவாங்க பாஸ்."

அந்தப் புதிரோடு பதிவேட்டை மூடி, சாவியைத் திருப்பிக் கொடுத்தார் ஹொனோரா. குதிரை தோற்றிருந்தது. க்வின்லன் முகத்தில் அன்று இரண்டாவது சோகம் ஹொனோராவின் முகத்தைப் பார்த்தபோது ஏற்பட்டது.

"எங்க பாஸ், வீட்டுக்கா?"

"ஓடைக்கரைக்கு. டிம்ப்னாகிட்ட நானே சொல்றேன்."

வண்டி சரிவில் இறங்கியது. சற்று நேரம் கழித்து ஹொனோரா இடது கையை நீட்டினார். சுண்டு விரல் கொக்கி போல வளைந்திருந்தது. "கைதிப் பட்டியல்ல அடையாளம் எழுதியிருக்கு ஃபெர்கல். 'இடது சுண்டு விரல் பிறவியிலேயே வளைந்தது.' அப்ப இது என்னவாம்?"

ஃபெர்கல் தொண்டையைச் செருமினான். "பாஸ், தப்பா எடுத்துக்காதீங்க. எண்பத்தொண்ணுல ஓ'டீ கிழவர் சாவுக்கு வந்தீங்களே, அப்ப இந்த வண்டிக் கதவச் சாத்தினது நாந்தான்."

"அதுக்கு முன்னாடியே கொஞ்சம் வளைஞ்சுதான் இருந்தது."

"எவ்ளோ?"

ஹொனோரா சன்னலுக்கு வெளியே ஆடுகளைப் பார்த்தார்.

"ஒவ்வொரு ஊர்வலத்துலயும் நீங்க அந்த விரலத் தூக்கிக் காட்டிட்டுப் போறப்ப, எனக்குள்ள ஒரு பெருமை பாஸ். நம்ம கைவேலையாச்சேன்னு."

டிம்ப்னா ஹேக்கட்டின் அடுப்பங்கரையில் மேசை நிறையப் பச்சைக் காகிதம். அவருடைய மூன்று மகள்களும் உட்கார்ந்து மறுநாளுக்கு அயர்லாந்தின் சின்னமான மூவிலைகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்கோல் பிடித்த மூன்று வலது கைகள், காகிதம் பிடித்த மூன்று இடது கைகள். மூன்று இடது சுண்டு விரல்களும் கொக்கி. தேநீர்க் குவளையோடு வந்த டிம்ப்னாவுக்கும் கொக்கி.

"நாலு பேரு விரலயும் நான் சாத்தல பாஸ்" என்று கிசுகிசுத்தான் ஃபெர்கல்.

"உக்காருங்க மிஸ் ஹேக்கட்" என்றார் டிம்ப்னா. கான்வென்ட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இருவரும் ஐம்பது வருடம் கழித்து இப்போதுதான் பேசிக்கொள்கிறார்கள்.

"நின்னுக்கிட்டே சொல்லிடறேன் மிஸஸ் ஹேக்கட். கைதி டேனியலோட அப்பா தேடி, அம்மா சபைனா. பதிவேட்டுல உங்க வீட்டு மூத்த பையன் தேடி. ரெண்டாவது பொண்ணு சபைனா. காளைத் திருடர் உங்களுடையவர். நாளைக்குப் பதாகைய நீங்க தூக்குங்க. குழுவுக்கு நான் எழுதிக் குடுத்துடறேன்."

கத்தரிக்கோல்கள் நின்றன. டிம்ப்னா குவளையைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்தது.

"கான்வென்ட்ல கடைசி வருஷம். ஊர்வலம் முடிஞ்சு எல்லாரும் பாக்க என்னைப் பாத்து ஒருத்தி சொன்னா, 'ஏய் போலீஸ்காரன் பேத்தி, ஓரமாப் போ'ன்னு. யாரு அது?"

"நான்" என்றார் ஹொனோரா.

"ஐம்பது வருஷமா திருப்பிச் சொல்லணும்னு காத்திருக்கேன்." டிம்ப்னா மூச்சை இழுத்தார். "ஏய் போலீஸ்காரன் பேத்தி!"

"சொல்லுங்க. உங்களுக்கு உரிமை உண்டு."

ஹொனோராவின் தலை தாழவில்லை. தாடை மட்டும் லேசாக நடுங்கியது. டிம்ப்னா அதைப் பார்த்தார். ஒரு நாற்காலியை ஹொனோராவின் பக்கம் தள்ளினார். ஃபெர்கல், சங்கடமான நேரத்தில் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தான். சட்டைப் பாக்கெட்டிலிருந்து தின்று மீந்த கறிப் பையை எடுத்துப் பிரித்தான்.

"ஃபெர்கல்" என்றார் ஹொனோரா. "அது என்ன தாள்?"

"எது பாஸ்?"

"கறிப் பையச் சுத்தியிருக்கற தாள்."

ஃபெர்கல் குனிந்து பார்த்தான். "ஐயையோ. சூடா இருந்துச்சுன்னு உறைக்குள்ளேர்ந்து ஒண்ண உருவி... காலித் தாள்னு நெனச்சேன் பாஸ். எழுத்து பின்பக்கம் இருந்திருக்கு."

ஹொனோரா அதைப் பிடுங்கினார். மேசைமேல் விரித்து, வெங்காயத் துண்டு ஒன்றைச் சுண்டிவிட்டுப் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் உயர்ந்தது.

"'...கவனிக்க வேண்டியது என்னவென்றால், திட்டம் என் மகனுடையது அல்ல. சுண்ணாம்பு குழைத்ததும் காளைக்குப் பூசியதும் இன்னொருவன். என் கணவரின் தம்பி ஜெரமையாவின் மூத்த மகன். அவன் பெயரும் டேனியல்தான். அண்ணன் தம்பி இருவருமே தங்கள் அப்பா பெயரை மூத்த பிள்ளைக்கு வைத்தார்கள். தூறல் விழுந்ததும் அவன் சுவரேறி ஓடிவிட்டான். என் மகன் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஐயா, என் பிள்ளையை விட முடியாதென்றால், தயவுசெய்து அந்தத் தடியனையும் பிடித்து அதே கப்பலில் ஏற்றுங்கள். என் மகனுக்குப் பேச்சுத் துணையாவது இருக்கும்.'" கீழே ஓர் அதிகாரியின் குறிப்பு இருந்தது. "'தள்ளுபடி. கப்பலில் இடமில்லை.'"

"ஜெரமையா மகன் டேனியல்" என்றான் ஃபெர்கல், வாய் நிறையக் கறியோடு. "அவரோட மூத்த பையன் ஜெரமையா. பாஸ், அது உங்க ஆளு!"

"சொந்தக் காசுல டிக்கெட் வாங்கி, பின்னாடியே வந்திருக்காரு" என்றார் ஹொனோரா மெதுவாக. "இங்க வந்து போலீஸ்ல சேந்திருக்காரு. கைதியப் பக்கத்துல இருந்து பாத்துக்க அதவிட நல்ல வேலை ஏது? அதான் ஞானத்தந்தை. ஒருத்தர் பிள்ளைக்கு ஒருத்தர்." ஏற்கெனவே நேராக இருந்த அவர் முதுகு இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தது. "பிடிபட்டவர் உங்க ஆளு, டிம்ப்னா. பிடிபடாதவர் எங்க ஆளு."

"ஓடிப்போனவர்னு சொல்லு!"

"தொழில் தெரிஞ்சவர்னு சொல்லு!"

"சுண்ணாம்பு அடிச்சது உங்க ஆளுதானே? மழை வரும்னு தெரியாத மண்டூகம்! எங்க ஆளு மாட்டினதே அவராலதான்!"

"எங்க ஆளு இல்லன்னா உங்க ஆளுக்குக் காளையே கெடையாதுடீ!"

'டீ' என்ற சொல் அடுப்பங்கரையில் விழுந்ததும் இருவருமே நின்றார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்திய பெஞ்சு அது. டிம்ப்னாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"அப்ப நாம சொந்தக்காரங்களாடீ?"

"துரதிர்ஷ்டவசமா."

"பதாகைக்குக் கம்பு ரெண்டு இருக்கு" என்றார் டிம்ப்னா. "ஃபெர்கலுக்கும் தோள் வலி."

"இருபது வருஷமா வலி" என்றான் ஃபெர்கல். அடுத்த கணம் அவன் முகம் மாறியது. "பாஸ், நாளைக்கு வானிலை என்ன?"

"மழை பெய்யாது. ஏன்?"

"சும்மாதான்."

மறுநாள் பதினொரு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. ஒரு கம்பை ஹொனோராவும் ஒரு கம்பை டிம்ப்னாவும் பிடித்திருந்தார்கள். ஊரே கைதட்டியது. தபாலாபீஸ் தாண்டியதும் தூறல் விழுந்தது. ஹொனோரா நிமிர்ந்து பார்த்தார். காளை கழுத்திலிருந்து கறுத்துக்கொண்டிருந்தது. வெள்ளை நீர் ஒழுகி அவருடைய பச்சைக் கோட்டிலும் டிம்ப்னாவின் தொப்பியிலும் இறங்கியது.

"ஃபெர்கல்! எந்தப் பெயின்ட் அடிச்ச?"

"சுண்ணாம்பு, பாஸ்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. குரல் வந்த திசையில் ஃபெர்கல் இல்லை. கோவில் சுவரை ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான்.

"ஓடிட்டான் பாரு" என்றார் டிம்ப்னா. "நாம?"

"கம்ப விடாத" என்றார் ஹொனோரா.

வாத்தியம் முழங்கியது. இந்த முறை இரண்டு ஹேக்கட்டுகளும் கறுத்த காளையின் கீழேயே, நனைந்துகொண்டு, நேராக நடந்தார்கள்.